மூன்று சிவப்பு ஒயினும் ஒரு மூக்கும்

நான் சந்தேகப் பிராணி. இதை என் மனைவி சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன். சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அச்சடிக்கிறவன் சந்தேகப்படாமல் பிழைக்க முடியாது. சிவப்பு மஞ்சளின் மேல் சரியாக உட்கார்ந்ததா, மை காய்ந்ததா, பேப்பர் சொன்ன தடிமன்தானா என்று லென்ஸை வைத்துப் பார்த்துப் பார்த்தே என் இடது கண் சுருங்கிப்போய்விட்டது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் சாம்பாரையும் அந்தக் கண்ணால்தான் பார்க்கிறேன். அதனால், என் நண்பன் பிரெஞ்சு ஒயினை மோந்து பார்த்தே ஊர் பேர் சொன்னபோது மற்றவர்கள் கைதட்டினார்கள், எனக்குக் கை எழும்பவில்லை.

நண்பன் என்றால் ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடப் படித்தவன். நாரணாபுரம் பக்கம் சின்னதாக ஒரு பட்டாசு கம்பெனி நடத்துகிறான். புஸ்வாணமும் சக்கரமும்தான் போடுகிறான். கம்பெனிக்குப் பெரிய பேர் கிடையாது, ஆனால் அவன் மூக்குக்கு உண்டு. பட்டாசுக்குள் போகிற கலவையை எங்கள் ஊரில் மருந்து என்போம். அந்த மருந்தில் ஈரம் ஏறிவிட்டால் உள்ளுக்குள்ளேயே சூடாகும். சூடாகும்போது ஒரு வாடை கிளம்பும். மூத்திரம் தேங்கிய மாட்டுத் தொழுவம் மாதிரி, மூக்கில் சுருக்கென்று ஏறும். அதற்குப் பிறகு அது ரொம்ப நேரம் கொடுக்காது. ஒரு மழைக்காலத்தில், மற்றவர்களுக்கு ஒன்றுமே தெரியாதபோது, இவன் வாசலில் நின்றபடியே அந்த வாடையைப் பிடித்து அத்தனை பேரையும் வேலிக்கு வெளியே விரட்டினான். கடைசி ஆள் வேலியைத் தாண்டின பிறகு அந்த அறை கூரையோடு போயிற்று. ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை.

அன்றிலிருந்து அவன் கம்பெனியில் ஒரு வழக்கம். காலையில் மருந்து கலந்து தட்டுகளில் பரப்பி வைப்பார்கள். முதலாளி போய் ஒவ்வொரு தட்டாகக் குனிந்து மோந்து பார்த்துத் தலையாட்டினால்தான் அந்தத் தட்டு, மருந்து அடைக்கிற பெண்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குப் போகும். எம். புதுப்பட்டியிலிருந்தும் விஸ்வநத்தத்திலிருந்தும், வழியில் இருக்கிற கம்பெனிகளையெல்லாம் தாண்டிக்கொண்டு இவனிடம் வேலைக்கு வருகிற பெண்கள் இருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "எங்க முதலாளி மூக்கு இருக்குல்ல" என்பார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு மருந்தில் கை வைக்க வருகிறவர்களுக்கு அந்த மூக்குதான் சாமி.

ஒயின் விவகாரம் எங்கள் மூன்றாவது ஆளால் வந்தது. விருதுநகரில் பேப்பர் மொத்த வியாபாரம் செய்கிறான், எனக்கும் பேப்பர் போடுகிறவன். வாய் ஒலிபெருக்கி. அவன் காதில் ஒன்று விழுந்தால் சாயங்காலத்துக்குள் சாத்தூர் போய்ச் சேர்ந்துவிடும். அச்சு மெஷின் கண்காட்சி பார்க்கப் போகிறேன் என்று ஐரோப்பா போனவன், திரும்பும்போது வேட்டி சட்டைக்குள் சுற்றி மூன்று சிவப்பு ஒயின் பாட்டில்களைக் கொண்டுவந்தான். ஒன்று போர்தோ, ஒன்று பர்கண்டி, ஒன்று ரோன். மூன்றும் பிரான்சில் மூன்று சீமைகளாம், ஒவ்வொன்றுக்கும் ஒரு மண், ஒரு வாசனையாம்.

"ஏலே, அங்கன ஒருத்தன் மூக்கை கிளாசுக்குள்ள விட்டுக்கிட்டு எந்தத் தோட்டம், எந்த வருசம்னு சொல்றாம்லே. நம்மகிட்ட இல்லாத மூக்கா?" என்று பட்டாசு நண்பனைப் பிடித்துக்கொண்டான்.

நண்பன் நழுவத்தான் பார்த்தான். "எனக்கு எதுக்குலே இந்த எழவெல்லாம். நான் குடிக்கிறதே தீவாளி முடிஞ்சு ஒரு நாளு" என்றான்.

"என்னலே, மூக்கு ரிட்டையர் ஆயிருச்சா?"

சும்மா கேட்ட கேள்விதான். ஆனால் நண்பன் முகம் கறுத்துவிட்டது. உடனே, "என்னைக்குன்னு சொல்லு, வாரேன்" என்றான். இதில் ரோசப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போதே ஒரு மாதிரியாக இருந்தது.

முதல் விருந்து விருதுநகரில், பேப்பர்க்காரன் வீட்டு மாடியில். எண்ணெய்ப் பரோட்டா, மட்டன் சுக்கா, காடை வறுவல். நண்பன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். அதுவே எனக்கு உறுத்தியது. என்னை அண்ணன் என்று கூப்பிடுகிற பிள்ளை அவள். சோடா கொஞ்சம் சுர்ரென்று இருந்தாலே மூஞ்சியைச் சுளிப்பவள், ஆம்பிளைகள் குடிக்கிற இடத்துக்கு எதற்கு வருகிறாள்? "சும்மா வேடிக்கை பார்க்கத்தாண்ணே" என்றாள். என் மனைவியைக் கூப்பிட்டதற்கு, சீரியலை விட்டுவிட்டு உங்கள் கூத்தைப் பார்க்கவா என்று கேட்டு வாயை அடைத்துவிட்டாள்.

ஆட்டத்தின் முறையைப் பேப்பர்க்காரன் சொன்னான். முதலில் மூன்றையும் பேர் சொல்லித் திறந்து, எல்லோரும் மோந்து, ருசி பார்த்து மனசில் போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு ஒருத்தர் சமையலறையில் ஊற்றிக் கொண்டுவந்து வைப்பார். எது எந்தச் சீமை என்று சொல்ல வேண்டும். அதிகம் தப்பாகச் சொன்னவன் வீட்டில் அடுத்த விருந்து. என் பிரஸ்ஸில் வீணாய்ப்போன லேபிள் தாளைக் கிழித்து, பேர் எழுதி, கிளாசுகளின் அடியில் ஒட்டினோம். பேப்பர்க்காரன் மனைவி ஊற்றிக் கொடுத்தாள்.

பேர் சொல்லிக் குடித்தபோது எல்லாம் நன்றாகத்தான் பிடிபட்டது. போர்தோவில் நாவல்பழம், கூடவே பென்சில் சீவின தூள் வாசனை. பர்கண்டி மெலிசு, மழை விட்டபின் கரிசல் காட்டில் நடக்கிற மாதிரி. ரோனில் மிளகு வறுத்த சட்டி. பேஷ், இவ்வளவுதானா என்று நினைத்தேன். பேர் தெரியாமல் மறுபடி வந்ததும் எல்லாம் கலந்துகட்டி ஒரே நாவல்பழமாகிவிட்டது. போதாக்குறைக்கு, சுக்காவின் மிளகு வேறு நாக்கில் நின்றது. நான் மூன்றையும் தப்பாகச் சொன்னேன். பேப்பர்க்காரன் ஒன்றைச் சரியாகச் சொல்லிவிட்டு, தானே போய்த் திராட்சை பறித்தவன் மாதிரி மீசையை நீவிக்கொண்டான்.

நண்பன் கிளாசைச் சுழற்றினான், மூக்கை விட்டான், ஒரு வாய் குடித்தான். "இது ரோன். மிளகு நிக்குது பாரு" என்றான். அடுத்தது பர்கண்டி, அடுத்தது போர்தோ. மூன்றும் சரி. பேப்பர்க்காரன் குடும்பமே கைதட்டியது.

எனக்கு ஏன் கை எழும்பவில்லை என்றால், நடுவில் ஒன்று நடந்தது. கீழே அடுப்பில் பால் அடிப்பிடித்தது. அந்தத் தீய்ந்த வாடை மாடிவரை ஏறி வந்து, நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் படிக்கட்டுப் பக்கம் திரும்பினோம். நண்பன் மட்டும் லாரி செட் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தான். நாங்கள் திரும்பியதைப் பார்த்தபின்தான் அவனும் திரும்பினான். தீய்ந்த பால் தெரியாதவனுக்கு ரோன் சீமை மிளகு தெரிகிறதாக்கும்! ஆனாலும் என் புத்தி போன திசையைச் சொல்லவேண்டும். இவன் ஏமாற்றுகிறான், கிளாஸ் அடியில் ஒட்டியதை எப்படியோ பார்த்துவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

தோற்றவன் நான் என்பதால் அடுத்தது சிவகாசியில், என் வீட்டில். இந்த முறை பாட்டில்களைப் பேப்பர்க்காரன் புதுச்சேரி ஆள் ஒருத்தர் மூலம் தருவித்தான். அதே மூன்று சீமை. கிளாஸ் அடியில் ஒரு தாளும் ஒட்டக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டேன். என் மனைவி ஊற்றினாள், எது எது என்று அவள் மனசில் மட்டும். நான் ஒயினைப் பார்க்கவே இல்லை. இடது கண்ணைச் சுருக்கிக்கொண்டு நண்பனையே பார்த்தேன்.

அப்போதுதான் அது கண்ணில் பட்டது. ஒவ்வொரு கிளாஸும் வந்ததும், பக்கத்தில் இருந்த அவன் மனைவி அதை எடுத்தாள். "ஈரமா இருக்கு" என்று சொல்லி முந்தானையால் துடைத்தாள். ஏற்கெனவே என் மனைவி பளபளவென்று துடைத்துக் கொடுத்த கிளாஸ் அது. துடைக்கும்போது கிளாஸின் வாய் அவள் மூக்குக்கு நேரே போகிறது. பிறகு அவன் முன்னால் வைத்தாள். முதல் கிளாஸ் தட்டுக்கு இடது பக்கம். அவன், "போர்தோ" என்றான். அடுத்தது தட்டுக்கு நேர் மேலே. "பர்கண்டி." மூன்றாவது வலது பக்கம். "ரோன்."

மெஷினில் ஒரு நிறம் நூலிழை தள்ளி விழுந்தாலே கண்டுபிடிக்கிறவனிடமா இந்த வேலை? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிளாஸ் வைக்கிற இடம்தான் சைகை. மோப்பம் பிடிக்கிறது அவள், பேர் வாங்குகிறது இவன். நாற்பது வயசு தாண்டின மனுசன் ஒரு விளையாட்டில் ஜெயிக்கப் பொண்டாட்டியை வைத்து டபாய்க்கிறானே என்று ஆத்திரமாக வந்தது. அங்கேயே போட்டு உடைத்திருப்பேன். என் வீட்டில் விருந்து, வந்தவளை அழவைக்க வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் ஊரில் இன்னொரு பேச்சும் ஓடியது. இந்தச் சீசன் என்றில்லை, ரொம்ப நாளாகவே அவள் தினம் காலையில் புருசனோடு கம்பெனிக்குப் போகிறாளாம். மருந்து அறை வரைக்கும் கூடவே போய் நிற்கிறாளாம். "அவனை நம்பல போல. வேலைக்கு வர்ற பொம்பளையாளுக ஜாஸ்தில்ல" என்று பேப்பர்க்காரன் கண்ணடித்தான். என் நண்பன் அப்படிப்பட்டவன் இல்லை என்று அவனை வைதேன். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். வைததென்னவோ வைதேன், எனக்கும் அந்தச் சந்தேகம் லேசாக ஒட்டிக்கொண்டது.

யார் தோற்றார்கள் என்று பார்க்காமல், மூன்றாவது விருந்தை நண்பன் வீட்டில் வைத்துக்கொண்டோம். தீபாவளி நெருங்கி, லோடு ஏற்றிக்கொண்டிருந்த சமயம், அவனால் ஊரை விட்டு நகர முடியாது. பட்டாசுக்காரன் விடியுமுன் எழுந்திருக்க வேண்டும் என்பதால் பொழுது சாயும்போதே சாப்பாடு. ரெண்டு மூன்று நாளாகவே விட்டுவிட்டு மழை. ஊற்றுகிற முறை என்னுடையது. நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். சட்டைப் பையில் ஒரு சின்ன பாட்டில் இருந்தது. என் மனைவி ரோஸ்மில்க் போட வாங்கிவைத்திருந்த எசன்ஸ். நிறமும் சிவப்பு. ஒயினில் விட்டால் கண்ணுக்குத் தெரியாது, வாசனை தெருமுனை வரை போகும். அவள் கிளாசைத் துடைக்கிறேன் பேர்வழி என்று மோந்து பார்ப்பாள், திக்கென்று விழிப்பாள், எங்கே வைப்பது என்று தெரியாமல் முழிப்பாள். அப்போது பிடித்துக்கொள்ளலாம். இதுதான் என் திட்டம். சின்னப்பிள்ளைத்தனம்தான், ஆனால் எனக்கு அன்றைக்கு அது பெரிய துப்பறியும் வேலையாக இருந்தது.

அவள் பரிமாறும்போது குரல் கம்மியிருந்தது. மூக்கும் கண்ணும் சிவந்திருந்தன. அழுதிருக்கிறாள், அப்படியானால் ஊர்ப் பேச்சு நிஜம்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். கோழி ரசத்தை ஊற்றிக்கொண்டே நண்பனை ஒரு முறை முறைத்தேன். அவன் ஒன்றும் புரியாமல், "உப்பு பத்தலையாலே?" என்றான்.

சமையலறையில் நண்பனின் கிளாசில் ரோன் ஊற்றி, எசன்ஸை நாலைந்து சொட்டு விட்டேன். கொண்டுவரும்போதே என் மூக்கைத் தூக்கியது. அவள் கையில் கொடுத்தேன். வழக்கம்போல முந்தானையால் துடைத்தாள். கிளாஸின் வாய் மூக்குக்கு நேரே போயிற்று. விழிக்கவில்லை. முழிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசிக்கிற மாதிரி வைத்திருந்துவிட்டு, ஒரு குத்துமதிப்பாக, தட்டுக்கு வலது பக்கம் வைத்தாள்.

அவன் சுழற்றினான், மூக்கை விட்டான், குடித்தான். "ரோன்தான். மிளகு சுள்ளுனு இருக்கு."

எதிரே உட்கார்ந்திருந்த பேப்பர்க்காரன் தலையைத் தூக்கினான். "ஏலே, என்னலே இது, ரோஸ்மில்க் வாடை வருது? எவம்லே ரோஸ்மில்க் குடிக்கிறது?"

நான் மேசையில் ஓங்கித் தட்டினேன். "மாட்டுனியா மாப்ளே! நாந்தாம்லே உன் கிளாசுல ரோஸ் எசன்ஸ் விட்டேன். எட்ட இருக்கிற இவனுக்கு வருது, உள்ள மூக்கை விட்ட உனக்கு மிளகு வருதாக்கும்?"

அவன் என்னைப் பார்க்கவே இல்லை. மனைவியைப் பார்த்தான். அவள் வெடுக்கென்று கிளாசை எடுத்து மூக்கில் வைத்து இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள். அவள் முகம் போன போக்கை நான் எங்கள் ஊரில், விபத்துச் சங்கு ஊதுகிற சத்தம் கேட்டுக் கம்பெனி வாசலுக்கு ஓடுகிறவர்களிடம் பார்த்திருக்கிறேன்.

"எனக்கு வாடையே வரலையே" என்றாள். என்னிடம் இல்லை, அவனிடம்.

பேப்பர்க்காரனுக்கு இன்னும் விளையாட்டுதான். "புருசனும் பொண்டாட்டியும் சேந்தா ஏமாத்துனீக? நல்லாருக்கே கூத்து!" என்று விழுந்து விழுந்து சிரித்தான். யாரும் கூடச் சிரிக்காததால் பாதியில் நிறுத்தினான்.

"உனக்குச் சளியாம்மா?" என்று கேட்டேன்.

"முந்தாநாள்ல இருந்து லேசா மூக்கடைப்புண்ணே. அம்புட்டுத்தான்னு நெனச்சேன்."

அழுகை என்று நான் நினைத்தது ஜலதோசம். தீய்ந்த பால், துடைத்த கிளாஸ், மருந்து அறை வரைக்கும் கூடப் போகிற மனைவி. எல்லாம் ஒரே நேரத்தில் வந்து மண்டையில் இறங்கின. "எப்ப இருந்துலே?" என்று நண்பனைக் கேட்டேன்.

"கொரோனாவுல போச்சு" என்றான். "எல்லாருக்கும் திரும்பி வந்துச்சு. எனக்குச் சோத்துல உப்பு புளி தெரிய ஆரம்பிச்சதும் மூக்கும் வந்துருச்சுன்னு நெனச்சேன். கம்பெனியில தட்டுல வாடையும் ஒண்ணும் இல்ல. சரியாயிருச்சுன்னே இருந்தேன்."

மிச்சத்தை அவள் சொன்னாள். "ஒரு நா டிபன் கொண்டு போனேண்ணே. வாசல்லயே எனக்குச் சுருக்குன்னு ஏறிச்சு. இவுக அந்தத் தட்டு மேலயே குனிஞ்சு, நல்லாருக்குன்னு தலையாட்டிக்கிட்டு நிக்காக. நான் ஓடிப்போய்க் காதுல சொல்லவும்தான் எல்லாரையும் வெளிய போகச் சொன்னாக. ஆண்டவன் புண்ணியம், அன்னைக்கு ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை."

அந்தக் கதை எனக்கும் தெரியும். ஊருக்கே தெரியும். முதலாளி மூக்கு மறுபடியும் காப்பாற்றிவிட்டது என்றுதான் சொன்னார்கள். அதற்கப்புறம் இன்னும் நாலு குடும்பம் வேறு கம்பெனியை விட்டுவிட்டு இவனிடம் வந்து சேர்ந்தது.

"அதுக்கப்புறம் எப்படிலே வெளிய சொல்றது?" என்றான் அவன். "மூக்கு இல்லேன்னு தெரிஞ்சா மறுநாள் ஒரு ஆள் வேலைக்கு வருமா? சரக்கு எடுக்கிறவன் வருவானா? அதான் இவளைக் கூட்டிட்டுப் போறேன். பின்னால நின்னு மோந்து பார்த்து, சரியா இருந்தா முந்தானையை இழுத்துச் சொருகுவா. நான் தலையாட்டுவேன். இந்த ஒயினுக்கும் அதான். இவன் எல்லாரு முன்னாலயும் கேட்டுப்புட்டான், வராம இருந்தா சந்தேகம் வந்துருமே."

யார் சந்தேகப்படுவார்கள் என்று அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

"இன்னைக்குக் காலையில யாரு பார்த்தது?" என்று கேட்டேன்.

"நாந்தாண்ணே. நேத்தும் நாந்தான். எல்லாத் தட்டும் பார்த்தேன். ஒரு வாடையும் இல்லைண்ணே" என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். "வாடை இல்லேன்னா நல்லதுன்னுதானே…" முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஒயினில் வாசனை வராவிட்டால், என்னடா ஒன்றும் தெரியவில்லையே என்று மனுசன் உடனே முழிப்பான். மருந்துத் தட்டில் வாசனை வராமல் இருப்பதுதான் நல்ல சேதி. மூக்கு செத்தவனுக்கும் அதே நல்ல சேதிதான் கிடைக்கும், தினமும் கிடைக்கும். இவன் ஒரு சீசன் முழுக்க அப்படித்தான் ஏமாந்திருக்கிறான். அவள் ரெண்டு நாளாக ஏமாந்திருக்கிறாள், அதுவும் அடைமழையில். அந்தத் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு அத்தனை பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"போர்மேனுக்குப் போன் போடு" என்றேன்.

"லோடு நிக்குதுலே. இன்னும் கொஞ்ச நாள்தான். நாளைக்கு நான் பாத்துக்கிடுதேன், கையை வச்சுச் சூடு தெரியுதான்னு…"

"லோடு மண்ணாப்போகட்டும்! கையை வச்சுப் பார்க்கிறானாம் கையை! போடுலே போனை!" என்று கத்தினேன். என் வாழ்க்கையில் அவனிடம் அப்படிக் கத்தியதில்லை.

போட்டான். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். அப்போதும் எனக்கு நம்பிக்கை இல்லை. "நாளைக்கு மருந்து கலக்க வேணாம்ப்பா. மழையா இருக்கு" என்றான். போர்மேன் சரி என்றார். நான் நகரவில்லை. "நாளைக்கு மழை. நாளன்னைக்கு?" என்று மெதுவாகக் கேட்டேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"மழை மட்டும் இல்லப்பா. எனக்கு மூக்கு வேலை செய்யல. கொரோனா வந்ததுல இருந்தே இல்ல. வீட்டம்மாதான் மோந்து பார்த்தாக. இப்ப அவுகளுக்கும் சளி."

போர்மேன் கேட்டார்: "அப்ப இம்புட்டு நாளும் என்னத்தை மோந்தீக முதலாளி?"

போன் அந்தப் பக்கத்திலிருந்தே வைக்கப்பட்டது. ரோஸ் வாடை அடிக்கிற அந்த ரோனைப் பேப்பர்க்காரன் எழுந்து போய்ச் சத்தமில்லாமல் தொட்டியில் ஊற்றிவிட்டு வந்தான்.

மறுநாள் மத்தியானத்துக்குள் சேதி ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பேப்பர்க்காரனைத்தான் சந்தேகப்பட்டேன். "சத்தியமா நான் வாயைத் திறக்கலைலே" என்று அழாக்குறையாகச் சொன்னான். விசாரித்தால், கம்பெனி வாசலில் எல்லோரையும் நிற்கவைத்து நண்பனே சொல்லியிருக்கிறான். ஒரு பெண், "எங்க பிள்ளைகளை ஒரு நிமிசம் நெனச்சீகளா?" என்று கேட்டுவிட்டுத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அவளோடு கொஞ்சம் பேர் போனார்கள். அவர்கள் திரும்பி வரவே இல்லை. அவர்கள் செய்ததுதான் சரி என்று நினைக்கிறேன், அவனிடமும் அதைச் சொன்னேன். அந்தத் தீபாவளிக்கு அவன் லோடு பாதிதான் போயிற்று.

மிச்சமிருந்தவர்களை வைத்துக் கம்பெனி மறுபடி திறந்தபோது புது ஏற்பாடு வந்தது. தட்டுகளைப் போர்மேனும் அடைக்கிற பெண்களுமே மோந்து பார்ப்பார்கள். ஆனால் அதற்குமுன் வாசலில் மூக்குகளைப் பார்க்க வேண்டும். யோசனை என்னுடையது. ஒயினில் ஆடிய அதே ஆட்டம்தான். ஒரே மாதிரி ரெண்டு டானிக் பாட்டில், உள்ளே இருப்பது தெரியாத பழுப்புக் கண்ணாடி. ஒன்றில் ரோஸ் எசன்ஸ், இன்னொன்றில் வெறும் தண்ணீர். எசன்ஸ் இருக்கிற பாட்டிலின் அடியில் மட்டும் சக்கரப் படம் போட்ட லேபிள் துண்டு. தண்ணீர் எதற்கு என்று நண்பன் கேட்டான். தினமும் ரோஸ் வாடையே வந்தால் பழக்கத்தில் வருது வருது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், எனக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது என்றேன்.

வாசலில் பாட்டிலைப் பிடிப்பது முதலாளியின் வேலை. அந்தக் கம்பெனியில் வேலிக்கு உள்ளே போக முடியாத ஒரே ஆள் அவன்தான். அந்தச் சட்டத்தை அவனே போட்டுக்கொண்டான். அவன் மனைவிக்குச் சளி விட்டதும் மூக்கு திரும்பிவிட்டது, அவளும் வரிசையில் நின்று மோந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறாள். லேபிள் வேலையாக அந்தப் பக்கம் போகிற நாட்களில் நான் நின்று பார்ப்பேன். "இருக்கு முதலாளி", "இல்ல முதலாளி" என்று ஒவ்வொருத்தராகச் சொல்லிப் போவார்கள். எல்லோரும் முடிந்தபின் அவன் தன் மூக்கிலும் ஒரு தரம் வைத்துப் பார்ப்பான். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு மூடிவிடுவான்.

போன மாசம் ஒரு நாள் காலை அப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன். வரிசை பாதி உள்ளே போயிருந்தது. பாட்டில்கள் அவன் கையில் மாறி மாறி வந்தன. நடுவில் என்ன தோன்றியதோ, கையிலிருந்ததைத் தன் மூக்கில் வைத்து இழுத்தான். அப்படியே நின்றான்.

"ஏலே!" என்றான். "ஏலே, வருதுலே! லேசாத்தான். ஆனா வருது! ரோசு!"

வரிசையில் நின்ற பெண்கள் எல்லாம் சிரித்துக் கைதட்டினார்கள். "எங்க முதலாளி மூக்கு வந்துருச்சு!" என்று ஒருத்தி உள்ளே பார்த்துக் கத்தினாள். அவன் மனைவி ஓட்டமாக ஓடிவந்தாள். அவன் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றாம் வகுப்பில் பார்த்த முகம்.

நான் அவன் கையிலிருந்து பாட்டிலை வாங்கி அடியைத் திருப்பிப் பார்த்தேன். லேபிள் இல்லை.

அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு நாளாவது அவன் சிரித்துக்கொண்டு இருந்திருப்பான். ஆனால் ஆமாம் என்றால் அவன் நாளைக்கு உள்ளே போவான். தட்டுக்கு மேல் குனிவான்.

"தண்ணிலே அது" என்றேன்.

அவன் பாட்டிலை வாங்கி மறுபடி மூக்கில் வைத்தான். "இல்லையே… வந்துச்சே" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டான். வரிசையில் அடுத்து நின்ற பெண்ணிடம் நீட்டினான். அவள் அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இல்ல முதலாளி" என்றாள், ரொம்ப மெதுவாக. அவளை உள்ளே விட்டான். மிச்சப் பேரையும் ஒவ்வொருத்தராகப் பார்த்து அனுப்பினான். கடைசி ஆளும் போனபின் மூடியைத் திருகிவிட்டு, வாசலை விட்டு நகர்ந்து, வேலிக்கு வெளியே என் பக்கத்தில் வந்து நின்றான்.